ஏழாம் அறையின் திருநீறு

ஏழாம் அறையை வேறு யாரும் வேண்டாமென்றதால்தான் அது யோகமலருக்குக் கிடைத்தது. மற்ற அறைகளில் யன்னல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கப் பூவும் மலையும் குதிரையும் இருந்தன. ஏழாம் அறையில் பேய்கள் இருந்தன.

ஜப்பானியப் பேய்கள். மரக்கட்டையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு கட்டையாக மாற்றி மாற்றிக் காகிதத்தில் ஒற்றி எடுத்த படங்கள். இருநூறு வருடத்துக் காகிதம். வெளிச்சம் கூடினால் நீலம் வெளிறிப்போகும் என்று விளக்குகளை அணையப்போகிற மாதிரி வைத்திருந்தார்கள். அந்த அரையிருட்டில், மூலையில் போட்டிருந்த கறுப்புக் கதிரையில், வாரத்தில் ஐந்து நாள், காலை பத்திலிருந்து பின்னேரம் ஆறு வரை அவள் இருந்தாள். லண்டனில் அவள் குடியிருந்த நோர்பரியில் தெரிந்தவர்கள் இதைக் "கதிரை வேலை" என்றார்கள். இருந்துகொண்டே சம்பளம் வாங்குகிறாள் என்றார்கள். அந்தக் கதிரையில் ஒருநாள் முழுக்க இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

யோகமலர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அளவெட்டியில் அவள் படித்த பள்ளிக்கூடத்துக்குள் ஒருநாள் ஆமி வந்து குந்திக்கொண்டது. அது எழும்பிப் போனபோது அவளுக்குப் படிக்கிற வயது போய்விட்டது. இருபத்திரண்டு வயதில் வாமதேவனுக்குக் கலியாணம் பேசிப் பாரிசுக்கு அனுப்பினார்கள். அவர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அவள் நாலாம் மாடியில் மகள் சாருஜாவைப் பெற்று வளர்த்தாள். பதின்மூன்று வருடம் அந்த நாட்டில் இருந்தும் பிரெஞ்சு அவளுடைய வாய்க்கு வரவில்லை. பேச வேண்டிய இடத்தில் அவர் பேசினார். பிறகு பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று பலரும் பிரெஞ்சுப் பாஸ்போட்டோடு கடல் தாண்டியபோது இவர்களும் லண்டன் வந்தார்கள். டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையில் வாமதேவன் பங்கு போட்டார். 2018 மாரியில், கடையின் பின்பக்கத்தில் அரிசி மூட்டையைத் தூக்கியவர் மூட்டையோடு சாய்ந்தார். எழும்பவில்லை.

நாற்பத்தைந்து வயதுவரை வீட்டுக்கு வெளியே ஒரு சதம் உழைத்தறியாதவள் அவள். சபையில் வாய் திறக்கத் தெரியாது. ஆனால் கண் இருந்தது. யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைச் செய்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். வாமதேவனின் சிநேகிதர் புவனேந்திரன் அதைக் கவனித்திருந்தார். செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டுபோய், தான் வேலை செய்த மியூசியத்தில், தன்னை வேலைக்கு அனுப்புகிற அதே ஏஜென்சியூடாகச் சேர்த்துவிட்டார்.

"இஞ்ச கதைக்கிற வேலை இல்லைத் தங்கச்சி. பாக்கிற வேலை. தொடாதேங்கோ, கக்கூஸ் கீழ, கேட்டுச் சொல்றன். இந்த மூண்டும் இங்கிலீசில தெரிஞ்சால் காணும். நான் மூண்டோட தான் வந்தனான், இப்பவும் மூண்டுதான் வைச்சிருக்கிறன்."

அது உண்மையில்லை. புவனேந்திரன் நன்றாக ஆங்கிலம் பேசுவார். அறுபது வயது, ஒடிசலான ஆள். நெற்றியில் மூன்று குறித் திருநீறு இல்லாமல் ஒருநாளும் வேலைக்கு வந்ததில்லை. நீல யூனிபோமும் திருநீறுமாக அவர் படியேறி வரும்போது, வாசலில் நிற்கிற பாதுகாப்புக்காரர் வணக்கம் வைப்பதுபோல நெற்றியைத் தொட்டுக் காட்டுவார்.

யோகமலர் வேலையைப் பிடித்துக்கொண்டாள். படத்தைப் பார்க்க வருகிறவர்களைப் பார்ப்பதுதான் வேலை. முழங்கை மடங்கினால் கை கண்ணாடிக்குப் போகப்போகிறது. பையை முன்னால் இழுத்துவிட்டால் போன் வெளியே வரப்போகிறது. புருஷனும் பெண்சாதியும் ஒரு படத்துக்கு முன்னால் அதிக நேரம் பேசாமல் நின்றால், வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. விளக்கம் சொல்கிற பெண் ஒருத்தி ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டத்தோடு வந்து அதே கதைகளைச் சொல்லிப் போவாள். எழுதியிருந்த அட்டைகளை வாசிக்க யோகமலருக்கு அரைவாசிதான் ஏலும். ஆனால் கேட்டுக் கேட்டே எல்லாப் பேயையும் அறிந்துகொண்டாள். தலையின் குழியில் தண்ணீர் வைத்திருக்கிற ஆற்றுப் பேய். குனிய வைத்தால் தண்ணீர் ஊற்றுப்பட்டுப் பலம் போய்விடும். இரட்டை வால் கிழட்டுப் பூனை. உடம்பு படுத்திருக்க, கழுத்து மட்டும் நீண்டு போய் அடுத்த அறையை எட்டிப் பார்க்கிற பெண். ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாகக் குதிக்கிற பழைய குடை. பனிக்குள் நிற்கிற வெள்ளைப் பெண். அவளுடைய உடுப்பில், மை பூசாத கட்டையை வெறுமே அழுத்திப் பூவேலை செய்திருந்தார்கள். நேரே நின்று பார்ப்பவர்களுக்கு அது வெறும் வெள்ளை. பக்கவாட்டில், யோகமலரின் கதிரையிலிருந்து பார்த்தால்தான் பூக்கள் தெரியும். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மற்றவர்கள் மணிக்கு ஒருதரம் அறை மாறுகிற நேரத்தில் புவனேந்திரன் வருவார்.

"என்ன, உன்ரை ஆக்கள் எல்லாரும் சுகமோ?"

"இருக்கினம் அண்ணை. குடைதான் காலமையிலயிருந்து ஒரு மாதிரிப் பாக்குது."

"பாக்கும். நூறு வருசம் பாவிச்ச சாமானுக்கு உசிர் வந்திடும் எண்டெல்லோ அந்த விளக்கம் சொல்ற பெட்டை சொல்றாள். குடைக்கு உசிர் வந்திட்டுது. ஒன்பது வருசம் பாவிச்ச எனக்கு ஒரு பெர்மனன்ட் வரேல்லை."

நீண்ட கழுத்துக்காரிக்கு அவர் ராஜலட்சுமி என்று பெயர் வைத்திருந்தார். ராஜலட்சுமி யோகமலரின் சம்பந்தி. மருமகன் நிர்மலனின் தாய். ஈஸ்ட் ஹாமில் இருந்துகொண்டு நோர்பரி அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்லக்கூடியவர். யோகமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த அறையில் அவள் சிரிப்பது அந்த ஒரு நிமிடம்தான்.

பெர்மனன்ட் என்பது பகிடி இல்லை. ஏஜென்சி ஆட்களுக்கு அடுத்தநாள் ஷிப்ட் முதல்நாள் பின்னேரம் போனில் மெசேஜாக வரும். வந்தால் வேலை. உன்னை நிற்பாட்டிவிட்டோம் என்று ஏஜென்சி ஒருநாளும் சொல்லாது. மெசேஜ் வராது, அவ்வளவுதான். ஒரு மாதம் லீவு கேட்டவர்கள் திரும்பி வரும்போது அவர்களுடைய கதிரையில் வேறு யாராவது இருப்பார்கள். பேய்கள் வந்திருந்த அந்த வருடம் சித்திரையில், மேற்பார்வையாளர் டெனிஸ் எல்லோரையும் கூப்பிட்டு, ஏஜென்சி ஆட்களில் இரண்டு பேரை மியூசியம் தன் சொந்த ஊழியராக எடுக்கும், ஆடி முடிய முன் பெயர் தெரியும் என்றாள். புவனேந்திரனும் யோகமலரும் விண்ணப்பம் எழுதிப் போட்டார்கள். படிவத்தை அவளுக்கு நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான். அந்த இரண்டு பேரும் இவர்கள்தான் என்று மற்ற எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

யோகமலருக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஐப்பசியில் சாருஜாவுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது யோகமலர் ஷிப்டில் இருந்தாள். கதிரையை விட்டுப் போக மாற்று ஆள் வரும்வரை ஒரு மணித்தியாலம் காத்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்தமுறை பிள்ளை பிறக்கிற நாளிலும், பிறகு முப்பத்தொரு நாளும் மகளோடு வீட்டில் நிற்கவேண்டும். லீவோடு நிற்கவேண்டும். அதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

ஏழாம் அறையில், கதிரைக்கு நேர் எதிரே, ஒரு படம் இருந்தது. ஆற்றங்கரை. மழை. ஒரு பெண், இடுப்புக்குக் கீழே சேலை போன்ற துணி சிவந்திருக்க, கையில் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிள்ளைப்பேற்றில் செத்தவள். வழியால் போகிறவர்களிடம், கொஞ்ச நேரம் இதைப் பிடியுங்கள் என்று குழந்தையைக் கொடுப்பாளாம். இரங்கி வாங்கினால் குழந்தை கனக்கத் தொடங்கும், கல்லாகக் கனக்கும். விளக்கப் பெண் இதைச் சொல்லும்போதெல்லாம் யோகமலர் பார்வையைத் தரைக்கு இறக்கிவிடுவாள். ஊரில் பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். போகிற வருகிறவர்கள் அதில் பாரத்தை இறக்கி வைத்தால் அவளுடைய பாரமும் இறங்கும் என்பார்கள். இங்கே பிள்ளையே கல்லாகிறது. இறக்கி வைக்க இடமில்லை.

அதை ஒருநாள் சாருஜாவுக்குச் சொன்னாள். சாருஜா படத்தை இணையத்தில் தேடிப்பிடித்து, அம்மாவின் ஒபிஸ் ப்ரெண்ட் என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். பத்து நிமிடத்தில் ராஜலட்சுமியின் போன் வந்தது. சாருஜா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்மந்தி, நான் குறை சொல்றன் எண்டு நினையாதேங்கோ. முதல் பிள்ளை தங்கேல்லை. நீங்கள் நாள் முழுக்க அந்தச் செத்தவளுக்கு முன்னால இருந்திட்டு வந்து, அதே கையால வயித்துப்பிள்ளைக்காரிக்குச் சோறு போடுறியள். செத்தவீட்டுக்குப் போனாலே நாங்கள் தோயாமல் உள்ளுக்கு வாறேல்லை."

"மாமி, இட்ஸ் எ பிக்சர்," என்றாள் சாருஜா. "பேப்பர். ஜஸ்ட் பேப்பர்."

"எல்லாம் பேப்பர்தான் பிள்ளை. சாமி படமும் பேப்பர்தான்."

அன்றிலிருந்து யோகமலர் வேலையால் வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்த் தலை முழுகினாள். அதுவும் போதாதென்று பட்டது. அடுத்தநாள், தாள் மடிப்பில் திருநீறு கட்டி யூனிபோம் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஆறு மணிக்குக் கடைசிப் பார்வையாளரும் போனபிறகு அந்தப் படத்துக்குக் கீழே போய் நின்றாள். கண்ணாடியைத் தொட்டால் மணி அடிக்கும். அதனால் விரல் நுனியில் ஒரு நுள்ளு எடுத்து, சுவரும் தரையும் சேருகிற இடத்தில், பிரேமுக்கு நேர் கீழே போட்டாள்.

"நீ இஞ்சயே நில்லம்மா," என்றாள் மெல்ல. "என்னோட வராத. வீட்டில ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறாள்."

ஏழு கிழமை, வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும், ஒரு நுள்ளு.

ஒருநாள் புவனேந்திரன் கண்டுவிட்டார்.

"தங்கச்சி, உது கோயில் இல்லை."

"ஒரு நுள்ளுதானே அண்ணை. பிள்ளைக்காக."

அவர் குனிந்து பார்த்தார். சிரித்ததுபோல இருந்தது. "சரி. ஆனா கூட்டித் துடைச்சுப்போட்டுப் போ."

அதைத்தான் அவளால் செய்ய முடியவில்லை. போட்ட திருநீற்றைத் தும்புத்தடியால் கூட்டிக் குப்பையில் கொட்டுவதா? மிதிபட்டாலே பாவம். துப்புரவுக்காரர்களும் அதைத் தொடமாட்டார்கள். படச்சுவருக்கு ஒரு முழத்துக்குக் கிட்ட மெஷினைக் கொண்டுபோகக்கூடாது என்பது அங்கே சட்டம். அந்த ஒரு முழத்தை, காகிதப் படங்களைப் பராமரிக்கிற பகுதியிலிருந்து ஒரு பெண் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூரிகையோடு வந்து தானே சுத்தம் செய்வாள். இது யோகமலருக்குத் தெரியாததில்லை. தெரிந்தும், அந்த நாள் வரும்போது பார்ப்போம் என்று இருந்துவிட்டாள்.

ஆடி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள். டோர்ச் அடித்து முழங்காலில் இருந்தவளின் கை அப்படியே நின்றுபோனது. பிறகு எழும்பி, பிரேமின் கீழ் விளிம்பைப் பார்த்தாள், திரும்பக் குனிந்தாள். வோக்கிடோக்கியில் அவள் பேசியது யோகமலருக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் ஒரு சொல் விளங்கியது. பூச்சி.

மரத்தைத் துளைக்கிற பூச்சி இருந்தால், பிரேமுக்குக் கீழே அப்படித்தான் மெல்லிய தூள் கொட்டியிருக்குமாம். மரத்தைத் தின்னுகிறது காகிதத்தையும் விடாது. அரை மணித்தியாலத்துக்குள் ஏழாம் அறைக்குக் கயிறு கட்டினார்கள். பதினொரு படங்களைச் சுவரிலிருந்து கழற்றி, காற்றுப் போகாத வெள்ளை உறைகளுக்குள் போட்டு, வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டது. படங்களைக் கொடுத்திருந்த ஜப்பான்காரருக்குக் கடிதம் போயிற்று.

யோகமலர் நடைபாதையில் சுவரோடு சுவராக நின்றாள். டெனிஸ் இரண்டு தரம் அவளைக் கடந்து போனாள். இது பூச்சியில்லை, நான் போட்ட சாம்பல். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதை அடுக்கிக்கொண்டு வருவதற்குள், கோட்டுப் போட்ட மூன்று பேர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால், ஒரு படத்துக்குப் பயந்தேன் என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்வோம் என்று நினைத்தாள். பிந்தப் பிந்தச் சொல்வது கஷ்டமாகும் என்பதையும் அந்த நேரத்திலேயே அறிந்திருந்தாள்.

இரண்டு நாளில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். பூச்சி இல்லை. சாம்பல். மாட்டுச் சாணம் எரித்த சாம்பல். அப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது அவர்களுக்கு. பூச்சியென்றால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சாம்பலென்றால் ஒரு கை இருக்கிறது. கமரா படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, தரையை அல்ல. தினமும் அந்தச் சுவருக்குக் கிட்டப் போகக்கூடியவர்கள் அறைக்காவல் ஆட்கள் மட்டும்தான்.

ஆறு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஐந்து பேரின் நெற்றி வெறுமையாக இருந்தது. யோகமலர் காலையில் பூசுகிற திருநீற்றை விக்டோரியாவுக்கு வரும் ரயிலிலேயே துடைத்துவிடுவாள். யாரும் பார்த்து எதையும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக. புவனேந்திரன் மூன்று குறியோடு போய் அவர்களுக்கு முன்னால் இருந்தார்.

யோகமலரின் முறை வந்தபோது டெனிஸ் சோர்ந்துபோயிருந்தாள். இதைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

"நோ," என்றாள் யோகமலர்.

உனக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை என்று டெனிஸ் அன்பாகச் சொல்லி, அவளுடைய பெயருக்கு நேரே ஒரு சரி போட்டாள்.

புவனேந்திரன் பின்படிக்கட்டில் காத்துக்கொண்டு நின்றார்.

"நான் உன்னைக் காட்டிக்குடுக்கேல்லைத் தங்கச்சி. காட்டிக்குடுக்கவும் மாட்டன். ஆனா நான் இல்லையெண்டு சொன்னதை அவை நம்பேல்லை. நெத்தியைப் பாத்துப்போட்டு என்ரை வாயைப் பாக்கினம்."

அவள் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயாப் போய்ச் சொல்லு. ஏசுவினம். ஏசட்டும். வாமதேவன்ரை மனுசியை ஏசினதுக்கு நான் வந்து அவையை ஏசுறன்."

"நாளைக்குக் காலமை சொல்றன் அண்ணை."

"நாளைக்கெண்டால் நாளைக்கு. நாளைக்குத்தான் பேரும் போடுகினம். அதுக்கு முதல் சொல்லு."

"ஓம் அண்ணை."

அவளுடைய ஓம் போதுமென்று அவர் நினைத்துவிட்டார்.

அடுத்தநாள் காலை நோர்பரியிலிருந்து விக்டோரியா வரை அவள் நான்கு சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். இட் வோஸ் மை ஆஷ். ஒன்பதரைக்கு டெனிசின் கதவைத் தட்டினாள்.

டெனிஸ் எழும்பி வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்தாள். உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், கதவைச் சாத்து என்றாள். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. இரண்டு பேரை எடுப்பதாக இருந்தது, இப்போது ஒருவரைத்தான் எடுக்கிறோம், அது நீ. லீவு, சுகயீன லீவு எல்லாம் உண்டு. ஷிப்ட் ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். இங்கே கையெழுத்து வை. மற்றவரைப் பற்றி நான் எதுவும் பேசக்கூடாது, ஆனால் உன்னைப்போல நேர்மையான ஆட்கள் கிடைப்பது கஷ்டம் என்றாள்.

பேனை கையில் இருந்தது. பேச வேண்டிய இடம் அதுதான் என்று யோகமலருக்குத் தெரியும். சாருஜாவின் வயிறு கண்ணுக்குள் வந்தது என்று அவள் பிறகு தனக்குத் தானே பலதடவை சொல்லிக்கொண்டாள். உண்மையில் அந்த நேரம் கண்ணுக்குள் எதுவும் வரவில்லை. கோட்டுக்கு மேலே வடிவாகத் தன் பெயரை எழுதினாள்.

"தாங்க் யூ," என்றாள்.

மதியம் சாப்பாட்டு அறையில் புவனேந்திரன் அவளுக்கு முன்னால் வந்து இருந்தார். அவளுடைய பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை உறையைப் பார்த்தார். சோற்றுப் பெட்டியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"உனக்குத்தானே தந்தவை?"

"ஓம் அண்ணை."

"நல்லது," என்று எழும்பினார். "பிள்ளைப்பேறுக்கு நிக்கலாம்."

சனிக்கிழமையிலிருந்து அவருக்கு மெசேஜ் வரவில்லை.

யோகமலர் கேட்டது எல்லாம் கிடைத்தது. ஐப்பசியில் சாருஜாவுக்கு வலி வந்தபோது பக்கத்தில் நின்றாள். பேத்திக்கு மயூரா என்று பெயர் வைத்தார்கள். ஏழு றாத்தல் நிறை, ஒரு குறையும் இல்லை. முப்பத்தொரு நாளும் சரக்கு அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்து கொடுத்து மகளைப் பார்த்தாள். ராஜலட்சுமி, தன்னுடைய நேர்த்திக்கடனால்தான் பிள்ளை தங்கியது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு யோகமலர் புவனேந்திரனையும் அவருடைய மனைவி பாமாவையும் கூப்பிட்டிருந்தாள். அவர்கள் வரவில்லை. காய்ச்சல் என்று ஆள்மூலம் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் காய்ச்சல்.

லீவு முடிந்து திரும்பியபோது பேய்கள் போயிருந்தன. ஏழாம் அறையில் யாரோ வரைந்த கப்பல்கள் இருந்தன. தையில், ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற கடிதமும் வந்தது. இனி யாரும் அவளை இலேசில் எழுப்பிவிட முடியாது. அந்தக் கடிதம் வந்த பிறகுதான் அவளுக்குத் துணிவு வந்தது. அந்தத் துணிவின் விலை என்னவென்று அவளுக்கே தெரியும். ஆனாலும் போனாள். டெனிசுக்கு முன்னால் நின்று, ஆடி மாதத்து நான்கு சொல்லையும் சொன்னாள்.

டெனிசுக்கு முதலில் எந்தச் சாம்பல் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற நல்ல சிரிப்பு.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் பைலில் ஒரு குறிப்பு எழுதியிருப்பேன், அரை நாள் வகுப்பொன்றுக்கு அனுப்பியிருப்பேன், அவ்வளவுதான். சாம்பலுக்காக யாரையாவது கைவிடுவோமா?

"அண்ட், புவன்?" என்று யோகமலர் கேட்டாள்.

டெனிசின் சிரிப்பு நின்றது. அவர் இல்லை, இல்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தார் என்றாள். மேலே இருந்தவர்களுக்குச் சாம்பல் பெரிய விஷயமில்லை. பொய் சொல்கிற ஒருவரை அறையில் வைத்திருக்க முடியாது என்றுதான் எழுதினார்கள். இப்போது அந்தப் பைல் மூடியாயிற்று. அவர் ஏஜென்சி ஆள், எங்கள் கையில் இல்லை. ஒரு குறிப்பு எழுதி வைக்கிறேன் என்றாள். பிறகு மணியைப் பார்த்து, உன்னுடைய அறையில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் யோகமலர் தோர்ன்டன் ஹீத்துக்குப் போனாள். பாமா கதவைத் திறந்து, "வாங்கோ," என்றாள். பதினேழு வருடப் பழக்கத்தில் யோகமலர் அந்த வீட்டின் முன்னறையில் இருந்ததே இல்லை. நேரே குசினிக்குள் போய் வெங்காயத்தை எடுத்து வைத்து உரிக்கிறவள். அன்று பாமா முன்னறைச் சோபாவைக் காட்டினாள்.

புவனேந்திரன் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நின்ற நிலையில் பத்து மணித்தியாலம். காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

"சொல்லிப்போட்டன் அண்ணை. டெனிசுக்கு. நான்தான் எண்டு."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"என்ன சொன்னவ?"

பொய் சொல்லலாம். ஏசினாள், கத்தினாள் என்று சொல்லலாம். யோகமலர் விரல்களைப் பார்த்தாள். "சிரிச்சவ."

"சிரிச்சவவோ." அவர் வீங்கிய காலைத் தடவிக்கொண்டு கேட்டார். "அண்டைக்கே சொல்லியிருந்தாலும் சிரிச்சிருப்பா போல?"

"ஓம். அப்பிடித்தான் சொன்னவ. ஒண்டும் செய்திருக்க மாட்டினமாம்."

"எனக்குமோ?"

"சாம்பலுக்காக உங்களை நிப்பாட்டேல்லையாம் அண்ணை. நீங்கள் பொய் சொன்னதெண்டு தானாம்."

புவனேந்திரன் காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார். வலித்திருக்கவேண்டும், முகம் சுருங்கியது. "அறுபது வயசில," என்றார். அந்த வசனத்தை முடிக்கவில்லை.

"எழுதினதை மாத்துவினமோ?"

"பைல் மூடியாச்சாம்."

"உன்ரை வேலைக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்லை அண்ணை."

"அப்ப சரி." அவர் டிவியின் ரிமோட்டை எடுத்தார். போடவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார். "சின்னனுக்கு என்ன பேர் வைச்சனியள்?"

"மயூரா."

"வடிவான பேர்."

பாமா தட்டத்தில் தேநீர் கொண்டுவந்தாள். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற, பொன் கரை போட்ட கோப்பை. பக்கத்தில் நாலு பிஸ்கற். யோகமலருக்கு நீரிழிவு, சீனி போடாமல் குடிப்பவள். பாமாவுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரியில் அதைக் கண்டுபிடித்த நாளில் கூடப் போனவளே பாமாதான்.

ஒரு வாய் குடித்தாள். பாகு மாதிரி இனித்தது.

பாமா தட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"சீனி காணுமோ?"

"காணும் அக்கா," என்றாள் யோகமலர். கோப்பையின் அடி தெரியும்வரை குடித்தாள்.